பழைய வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசும் முன்

நாகை பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில், வயதான அம்மா ஒருவர் தன் வீட்டுச் சுவரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். "நாலு வருஷத்துல மூணு தடவை பூசியாச்சு தம்பி, நிக்கவே மாட்டேங்குது" என்றார். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு உப்பியிருந்தது. விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம். ஒரு சில்லைப் பெயர்த்ததும் பின்னாலிருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. கையெல்லாம் வெள்ளை உப்பு.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கடல்காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நான் பார்த்தவரை பெரிய சேதம் தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதத்தால், அதாவது ஈரத்தால் வருகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும், உப்பும் கலந்திருக்கும். செங்கல் அதை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி சுண்ணாம்பு பூசிய சுவர், உறிஞ்சிய ஈரத்தை வெயிலிலும் காற்றிலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, செங்கல்லை உடைக்கும். மேலே எமல்ஷன் பெயின்ட் வேறு அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தரங்கம்பாடியை நினைத்தால் இந்தக் கவலை கூடுகிறது. கல்வெட்டில் அந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள், டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706-ல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அங்கிருந்துதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-லிருந்து நிற்கிறது. மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் அங்கே சில கட்டடங்களைச் சீரமைத்தன. பழைய ஆளுநர் மாளிகையும் அதில் ஒன்று. கோட்டைக்கும் ஆலயத்துக்கும் கவனிக்க ஆள் இருக்கிறது. தெருவில் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளையும் திண்ணைகளையும் யார் கவனிப்பது? இப்படிப்பட்ட ஊர்களின் முகமே அந்த வீடுகள்தான்.

அந்த வீடுகளைப் பாதிப்பது பெரும்பாலும் சாதாரண வேலைகள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். நாலைந்து முறை போட்டால் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும். அப்புறம் மழைத் தண்ணீருக்கு வீட்டுக்குள்தான் வழி. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போதே இதைக் கேளுங்கள், தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சாக்கடையும் அப்படித்தான். கடைக்காலை ஒட்டி வாய்க்கால் வெட்டி, கசிவதைக் கவனிக்காமல் விட்டால் சுவர் வருடம் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட ஊரில் முதல் பாரம்பரியப் பாதுகாப்பு வேலை ஒழுங்கான வடிகால்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது வேண்டும். குழாயில் தண்ணீர் வராமல், கழிவு தேங்கிக் கிடந்தால் யார் அங்கே குடியிருப்பார்கள்? ஆள் போன வீட்டுக் கூரையில் ஒரே ஒரு ஓடு நகர்ந்தால் போதும், உத்தரம் உளுத்துவிடும்.

அந்த அம்மா வீட்டில் முதலில் சிமென்டை முழுசாகப் பெயர்த்தோம். உப்பை எடுக்க, நனைத்த காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்தோம். இப்படி மூன்று தடவை. கோடை முழுக்கச் சுவரை அப்படியே விட்டுவைத்தோம். "பார்க்க அசிங்கமா இருக்கே தம்பி" என்று வருத்தப்பட்டார், ஆனால் பொறுத்துக்கொண்டார். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூச்சு. மேலே வெறும் வெள்ளையடிப்பு. செலவு சிமென்டைவிடக் கூடுதல்தான், நாளும் பிடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

வேலைக்கு முன் ஓதம் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதச் சொல்வேன். நீங்களும் செய்து பாருங்கள். அந்த வீட்டில் ஐப்பசி மழை முடிந்ததும் போய்ப் பார்த்தபோது ஈரம் கோட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றது. வாசல் வாய்க்காலில் கசிவு இன்னும் இருக்கிறது. அதை அடைத்தால் இன்னும் இறங்கும்.