விரலுக்குப் பின்னால் இருக்கும் எண்

எங்கள் கடையின் சர்வீஸ் சீட்டில் கீழ்ப்பக்கமாக 9 புள்ளிகள் அச்சிட்ட ஒரு சின்னக் கட்டம் இருந்தது. டிஸ்ப்ளே மாற்ற, சார்ஜிங் போர்டு மாற்ற என்று போனைக் கொடுப்பவர்கள், வேலை முடிந்ததும் நாங்கள் திறந்து பார்க்க வேண்டுமே என்று போனைத் திறக்கப் புள்ளிகளை இணைத்துப் போடும் தங்கள் பேட்டர்னை அதில் வரைந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மதுரையில் 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தவை ஐந்தாறு உருவங்கள்தான். நம் ‘ட’, நம் ‘ப’, ஆங்கில இசட், எம், இல்லையென்றால் சொந்தப் பெயரின் முதல் எழுத்து.

9 புள்ளிகளை இணைத்துப் போடக்கூடிய பேட்டர்ன்கள் மொத்தம் 3,89,112. 4 இலக்கப் பின் (PIN), அதாவது எண்ணால் போடும் பூட்டு என்றால் 10,000 மட்டுமே. இந்தக் கணக்கைப் பார்த்தால் பேட்டர்ன்தான் பலம் என்று தோன்றும். ஆனால் அந்த ஏறக்குறைய நான்கு லட்சத்தில் நம் கை போகிற இடம் மிகக் குறைவு. 2015இல் நார்வேயில் ஒரு மாணவி தன் முதுகலை ஆய்வுக்காக ஏறக்குறைய 4,000 பேட்டர்ன்களைச் சேகரித்துப் பார்த்தார். அவற்றில் 44 சதவீதம் இடது மேல் மூலையில்தான் தொடங்கின. என் கடைச் சீட்டுகளும் அதைத்தான் சொல்கின்றன.

பேட்டர்னுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. டெம்பர் கிளாஸ் மாற்ற வரும் போனை விளக்குக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், விரல் போன தடம் எண்ணெய்க் கோடாகத் தெரியும். 2010இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே தடத்தைக் கேமராவில் பிடித்து, அதிலிருந்து பேட்டர்னைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். அதைவிடச் சுலபமான வழி, பின்னால் நின்று பார்ப்பது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்தவர்களில் 64 சதவீதம் பேர் 6 புள்ளிப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். 6 இலக்கப் பின்னை அப்படிப் பிடித்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். விரல் போகும் கோடு திரையில் தெரியாதபடி அணைத்து வைத்த பேட்டர்னில் அது 35 சதவீதமாகக் குறைந்தது. பேட்டர்னை விடவே மாட்டேன் என்பவர்கள் செட்டிங்ஸில் அந்தக் கோட்டையாவது அணைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

சரி, பின்னுக்கு வருவோம். போனைத் திருடியவன் உட்கார்ந்து 0000 முதல் 9999 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. சில முறை தப்பானதும் போன் காத்திருக்கச் சொல்லும். மேலும் தப்பாகப் போடப் போட அந்த நேரம் கூடிக்கொண்டே போகும். ஐபோன் 10 தடவைக்கு மேல் விடாது. ஆகவே அவன் கையில் இருப்பது ஐந்து, பத்து யூகங்கள் மட்டுமே. அந்தப் பத்துக்குள் உங்கள் எண் வந்துவிடுமா என்பதுதான் கேள்வி. 1234, 0000, பிறந்த வருடம், வண்டி நம்பர், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். இவை எல்லாம் அந்தப் பத்துக்குள் இருக்கின்றன. 6 இலக்கம் போடச் சொன்னால் பலரும் பிறந்த தேதியைப் போடுகிறார்கள். அதே ஆட்கள் போன் கவருக்குள் ஆதார் அட்டையையோ லைசென்ஸையோ சொருகி வைத்திருக்கிறார்கள். சர்வீஸுக்கு வரும் போனின் கவரைக் கழற்றும்போது அட்டை மேஜையில் விழும். அதில் பிறந்த தேதி அச்சாகி இருக்கும். பூட்டும் சாவியும் ஒரே பொட்டலத்தில் இருந்தால் என்ன செய்வது? தயவுசெய்து அட்டையை வேறு இடத்தில் வையுங்கள்.

“நான் விரல்தான் வைக்கிறேன், பின் எல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்களிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்தார். பின்னை இரண்டு முறை மாற்றிவிட்டாராம், அப்படியும் தன் மெசேஜ்களை வீட்டில் யாரோ படிக்கிறார்கள் என்றார். ஏதாவது வேவு செயலி இருக்கிறதா பாருங்கள் என்று போனைக் கொடுத்தார். செயலி எதுவும் இல்லை. கைரேகைப் பட்டியலைத் திறந்தால் மூன்று விரல்கள் பதிவாகி இருந்தன. அவர் பதிந்தது இரண்டு. எப்போதோ பழைய பின்னைத் தெரிந்துகொண்ட ஒருவர், அதைப் போட்டு உள்ளே போய்த் தன் விரலையும் சேர்த்திருக்கிறார். பின்னை மாற்றினாலும் பதிந்த விரல் தானாக அழியாது. அந்த மூன்றாவது விரலை அழித்தபோது அவர் எதுவும் பேசவில்லை, அதைப் பார்த்தபடியே நின்றார். அன்றிலிருந்து கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன், மாதம் ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள் என்று.

விரலோ முகமோ, இரண்டுமே பின்னை நம்பித்தான் வேலை செய்கின்றன. புது விரலைச் சேர்க்கப் பின் வேண்டும். போனை அணைத்துப் போட்டால் முதல் தடவை பின்தான் கேட்கும். உள்ளே இருக்கும் படங்களும் மெசேஜ்களும் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுக் கிடக்கின்றன; அதை அவிழ்க்கும் சாவி உங்கள் பின்னும் போனுக்குள் இருக்கும் சிப்பும் சேர்ந்து உருவாவது. ஐபோனை 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும், விரலோ முகமோ ஐந்து முறை பொருந்தாமல் போனாலும் மறுபடி பின் கேட்கும். அதனால் 1234 என்ற பின்னுக்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் இருந்தாலும், அந்தப் போனின் பலம் 1234தான். விரல் இருப்பதன் உண்மையான லாபம் வேறு. ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் பின் போட வேண்டி வரும் என்பதால், நீளமான, கஷ்டமான பின்னைத் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். பேருந்தில், டீக்கடையில் யார் கண்ணுக்கும் அது படாது.

கைரேகையை ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். 2013இல் ஐபோன் 5எஸ் டச் ஐடி என்ற கைரேகைப் பூட்டோடு வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு கண்ணாடியில் பதிந்த ரேகையை எடுத்துப் போலி விரல் செய்து திறந்து காட்டியது. அதற்கு நல்ல ரேகை, கருவி, பொறுமை எல்லாம் வேண்டும். உங்கள் போனுக்காக ஒருவர் அவ்வளவு மெனக்கெடுவது அபூர்வம். தூங்கும்போது உங்கள் விரலை எடுத்து வைப்பது அபூர்வம் இல்லை. டச் ஐடியில் வேறு யாரோ ஒருவரின் விரல் பொருந்தும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்கிறது ஆப்பிள். முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடியில் 10 லட்சத்தில் ஒன்று. ஆனால் இரட்டையருக்கும், சாயல் ஒத்த உடன்பிறப்புக்கும், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

டெம்பர் கிளாஸ் விஷயத்திலும் கவனம் தேவை. 2019 அக்டோபரில் கேலக்ஸி எஸ்10 போனில் திரையை மூடும் சில சிலிக்கோன் கவர்களைப் போட்டால் யார் விரல் வைத்தாலும் திறந்தது. கவரில் இருந்த வடிவத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டது. சாம்சங் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. திரைக்கு அடியில் சென்சார் உள்ள போனில் புது கிளாஸ் ஒட்டினால், பழைய ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். அப்புறம் வீட்டில் வேறு ஒருவரை விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

முகம் பற்றி ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும். ஃபேஸ் ஐடி முகத்தின் மேல் ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி மேடு பள்ளத்தை அளக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது வெறும் முன்பக்கக் கேமரா. 2017இல் கேலக்ஸி எஸ்8 போனைப் புகைப்படம் காட்டியே திறந்தார்கள். என் கடையில் ஒரு தம்பி தன் அண்ணன் போனை வெறும் முகத்தைக் காட்டித் திறந்தார், இருவரும் இரட்டையர்கூட இல்லை. உங்கள் போன் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? வங்கிச் செயலி விரலை ஏற்றுக்கொண்டு முகத்தை மட்டும் ஏற்க மறுத்தால், பெரும்பாலும் அது பலவீனமான வகை. அதை அணைத்துவிடுங்கள்.

பணம் போகிற கதை இன்னும் கொஞ்சம் வேறு. ஒரு காய்கறி வியாபாரி பேருந்து நிலையத்தில் போனைப் பறிகொடுத்தார். பறித்தவன் அதற்கு முன்பே அவர் பின் போடுவதைப் பார்த்திருக்கிறான். யுபிஐ பின்னும் அதே எண். இரண்டும் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதோடு சிம்முக்கும் பின் போடுங்கள். இல்லாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். சிம்மின் ஆரம்பப் பின் என்ன என்று உங்கள் நெட்வொர்க்கிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், மூன்று தடவை தப்பினால் பியுகே என்ற விடுவிப்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடியும் அணைத்து வையுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால், வழக்கமான இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை வெறும் பின்னை வைத்து மாற்ற முடியாது. போன் போய்விட்டால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்த எண் *#06# அழுத்தினால் வரும். இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

சர்வீஸ் சீட்டுக்கே திரும்பி வருகிறேன். இப்போது அச்சடித்த புதுச் சீட்டில் அந்த 9 புள்ளிக் கட்டம் இல்லை. சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் எங்களால் எல்லாப் பாகத்தையும் சோதிக்க முடியும், உங்கள் படமோ மெசேஜோ எங்களுக்குத் தெரியாது. திரும்ப வாங்கும்போது நீங்களே பின் போட்டு அதிலிருந்து வெளியே வரலாம். அந்த வசதி இல்லாத போனாக இருந்தால், கொடுக்கும் முன் பின்னைத் தற்காலிகமாக மாற்றுங்கள். வீட்டுக்குப் போனதும் மறுபடி மாற்றிவிட்டு, விரல் பட்டியலையும் எண்ணுங்கள். டிஸ்ப்ளே செத்துப்போய் எதையுமே மாற்ற முடியவில்லையா? வேலை முடியும்போது வாருங்கள். எதிரில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். நீங்களே திறந்து காட்டினால் போதும்.