உங்கள் இணைய முகவரியின் உறுதி யார் பேரில் இருக்கிறது?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி வருடம் படிக்கிற ஒரு தங்கச்சி தான் கட்டிய இணையத்தளத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டு முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். பக்கம் வடிவாக இருந்தது. செய்து முடித்த மூன்று செயற்றிட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் படம், நிரலை வைத்திருக்கிற கிட்ஹப் தளத்துக்கு இணைப்பு, என்ன செய்தேன் என்று நாலு வரி. கீழே சுயவிபரக்கோவையைத் தரவிறக்க ஒரு பொத்தான். அழுத்தினேன். முதல் பக்கத்திலேயே அப்பாவின் முழுப்பெயர், வீட்டு முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், சமயம், திருமணமாகாதவர் என்ற வரி, அடையாள அட்டை இலக்கம்.

அவரைக் குறை சொல்ல ஏலாது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதப் பழக்குகிறோம். கச்சேரிக்கோ ஒரு திணைக்களத்துக்கோ கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற கடதாசிக்கு அது பொருந்தும். அதே கடதாசியை உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 2016இல் இருந்து வழங்கப்படுகிற 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு இலக்கம் 2001561 என்று தொடங்கினால் 500ஐக் கழியுங்கள், 61 வரும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றுதான் கணக்கு. ஆகவே அது 2001 மார்ச் 1இல் பிறந்த ஒரு பெண்ணின் அட்டை. நான் இதை மனக்கணக்காகவே சொன்னபோது அந்தத் தங்கச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசி நிறுவனமோ வங்கியோ, கதைக்கிறது நீங்கள்தானா என்று உறுதிப்படுத்தக் கேட்கிற கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: பெயர், அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரி. எல்லா விடையும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. தனியாக வாடகை அறையில் தங்கிப் படிக்கிற ஒரு பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் கூடவே இருந்தது.

"அப்ப அந்தக் கோப்பை அழிச்சாக் காணும்தானே அண்ணா?"

காணாது. அவருடைய தளம் கிட்ஹப் பேஜஸில் இருந்தது. காசில்லாமல் தருகிற நல்ல இடம், நானும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அதன் அடியில் ஓடுகிற கிட் என்ற கருவியின் வேலையே பழையதை மறக்காமல் வைத்திருப்பது. இன்றைக்குக் கோப்பை அழித்தாலும், நேற்றைய பதிவுக்குப் போய் அதே பிடிஎஃப்பை யாரும் எடுக்கலாம். வரலாற்றையே திருத்தி எழுதக் கருவிகள் உண்டு. புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிடச் சுகமான வழி, பழைய களஞ்சியத்தை முழுசாக அழித்துவிட்டு, சுத்தமான கோப்புகளை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்று தொடங்குவது. அப்படித்தான் செய்தோம். பிறகு கூகுளின் பழைய உள்ளடக்கம் அகற்றும் பக்கத்தில் அந்தப் பிடிஎஃப் முகவரியைக் கொடுத்தோம். புதிய சுயவிபரக்கோவையில் பெயர், மின்னஞ்சல், மாவட்டம், படிப்பு, செய்த வேலை, இவ்வளவும்தான். வேலை தருகிறவருக்கு மிச்சம் தேவைப்பட்டால் தனியாகக் கேட்பார்.

நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வலையமைப்பு வேலையும் இணையத்தள வேலையும் செய்கிறவன். அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, என்னுடைய பிழையையும் எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. அது இதைவிடப் பெரிய பிழை.

2014இல் என் பெயரில் ஒரு டொமைன், அதாவது தளத்துக்கான இணைய முகவரி, வாங்கினேன். அப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை. பதிவு செய்யும்போது மின்னஞ்சல் கேட்டார்கள். காலையில் இருந்து இரவு வரைக்கும் திறந்திருக்கிற பெட்டி அலுவலகப் பெட்டிதானே என்று அதையே கொடுத்தேன். தளத்தில் தமிழில் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதினேன். ரவுட்டரை எப்படி அமைப்பது, லினக்ஸில் தமிழ் விசைப்பலகையை எப்படிப் போடுவது, பள்ளிக்கூடக் கணினிக் கூடத்துக்குக் குறைந்த செலவில் எப்படி இணைப்பு இழுப்பது. ஏஎல் பிள்ளைகள் கேள்வி கேட்டு எழுதுவார்கள். எட்டு வருடம் எழுதினேன்.

2021இல் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அலுவலகப் பெட்டி மூடப்பட்டது. 2022 வந்தது. அந்த வருடத்தை இங்கே யாரும் மறக்கமாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டொமைன் தானாகவே புதுப்பிக்கப்படும்படி போட்டிருந்தேன், ஆனால் என் வங்கி அட்டையில் டொலர்க் கொடுப்பனவு மறுக்கப்பட்டுவிட்டது. அதைச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் நான் திறக்க முடியாத பெட்டிக்குப் போனது. பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் தளத்தைத் திறந்து பார்க்கும் நினைவே வரவில்லை.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒருநாள் இரவு போன் எடுத்தார். "உன்ர பக்கத்தைத் திறந்தால் காசு வைச்சு விளையாடுற இடம் ஒண்டு வருது. நீதான் செய்யிறியா?"

அந்த மாதம்தான் மூன்று இடங்களுக்கு வேலைக்கு எழுதியிருந்தேன். மூன்று விண்ணப்பத்திலும் அந்த முகவரி.

அதற்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து வாசித்தேன். முதலே வாசித்திருக்க வேண்டும். டொட் கொம் போன்ற முகவரிகளுக்கு ஐகான் என்ற அமைப்பு விதி வகுத்திருக்கிறது. காலாவதியாகும் முன்பு பதிவு நிறுவனம் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது ஒருமுறையும், ஒரு கிழமை இருக்கும்போது ஒருமுறையும் அறிவிக்க வேண்டும். காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொரு அறிவிப்பு. பிறகு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். அதுவும் போனால் 30 நாள் மீட்புக் காலம்; அதில் எடுப்பதென்றால் தண்டப்பணம்போல ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து நாள், யாராலும் தொட முடியாத நிலை. ஆறாம் நாள் அது சந்தைக்கு வந்துவிடும். பழைய முகவரிகளுக்கென்றே காத்திருக்கிற கூட்டம் உண்டு. எட்டு வருடம் கூகுளில் நல்ல பெயரோடு இருந்த முகவரி என்றால் அவர்களுக்கு அது விளைந்த வயல். இத்தனை வாசலும் எனக்காகத் திறந்துதான் இருந்திருக்கின்றன. தட்டிய சத்தம் கேட்கிற இடத்தில் நான் இல்லை. டொட் எல்கே முகவரிக்கு விதிகள் வேறு, வாங்குகிறபோதே அவற்றை வாசித்துவிடுங்கள்.

வன்னியில் காணி என்று யாராவது பேச்செடுத்தால் முதல் கேள்வி, உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது) பெர்மிட் காணியா (அரசு அனுமதியில் இருப்பது) என்பதுதான். வீடு எவ்வளவு பெரிது, கிணற்றில் தண்ணி நல்லதா என்பதெல்லாம் பிறகு. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை வருடம் பிரதேச செயலகத்துக்கும் காணிக் கந்தோருக்கும் நடந்தன என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கவனம் இணையத்துக்கு வந்தவுடன் எங்கே போய்விடுகிறது? பேஸ்புக் பக்கம் அடுத்தவன் காணியில் போட்ட கொட்டில். காணிக்காரன் நல்லவனாக இருக்கும்வரை இருக்கலாம். காசில்லாமல் பக்கம் கட்ட இடம் கொடுத்த ஜியோசிற்றீஸ் மூடப்பட்ட 2009 ஒக்டோபரில் நான் செட்டிகுளம் முகாமில் இருந்தேன், அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. பிறகு வாசித்தபோது, தங்கள் பக்கங்களை இழந்த அந்த மனிதர்களின் கவலை எனக்கு விளங்கியது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனபோது என்னுடைய எழுத்தும் கொஞ்சம் போனது. டொமைனும் உண்மையில் குத்தகைதான், ஒரே தடவையில் பத்து வருடத்துக்கு மேல் தரமாட்டார்கள். ஆனால் குத்தகைக் கடதாசி உங்கள் பேரில் இருந்தால், கட்டிய வீட்டைப் பெயர்த்துக்கொண்டு தளத்தை வைத்திருக்க இடம் தருகிற வேறு எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். முகவரி மாறாது.

ஆகவே நான் இப்போது யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது? எந்த மின்னஞ்சல் இருக்கிறது? கண்டி வீதியில் கடை வைத்திருக்கிற ஒருவர் இணையத்தளம் செய்து கொடுத்த தம்பியின் பேரிலேயே டொமைனை விட்டிருந்தார். தம்பி வெளிநாடு போய்விட்டார். நல்ல பிள்ளை என்பதால் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டோம். எல்லாருக்கும் அப்படி அமையாது.

மின்னஞ்சல் விடயத்தில் இரண்டு பொறி உண்டு. ஒன்று நான் விழுந்த பொறி, வேலையிடத்து மின்னஞ்சல். பல்கலைக்கழக மின்னஞ்சலும் அதே வகைதான், பட்டம் பெற்ற பிறகு எத்தனை நாள் இருக்கும் என்று யார் கண்டது. மற்றது, அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலையே அந்த டொமைனுக்குத் தொடர்பாகக் கொடுப்பது. வீட்டுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரி. டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கிற இணைப்பு வந்துசேர இடமில்லை. எந்த நிறுவனத்தையும் சாராத தனிப் பெட்டி ஒன்றைக் கொடுங்கள். புதுப்பிக்கும் திகதியை போன் நாட்காட்டியில் இரண்டு மாதம் முந்திப் போடுங்கள். கையில் காசு இருக்கிற வருடம் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 2022 அப்படித்தான் எனக்குப் படிப்பித்தது.

கடவுச்சொல்லுக்குப் பிறகு குறியீடு கேட்கிற இரண்டாம் படிப் பூட்டை எஸ்எம்எஸ்ஸில் விடாதீர்கள். மின்வெட்டு நீண்டு கோபுரத்தின் பற்றரி இறங்கினால் இங்கே சிக்னலும் போய்விடும், குறியீடு வராது. ஓதென்டிகேற்றர் செயலி 30 செக்கனுக்கு ஒருமுறை குறியீட்டை போனுக்குள்ளேயே கணக்கிடுகிறது. அதற்குச் சிக்னல் தேவையில்லை. போன் தொலைந்தால் உள்ளே போகத் தருகிற மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களைத் தேடுகிறவர்கள் இதில்தான் வழிதவறுகிறார்கள். தர்சினி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதக் கண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, லிங்க்ட்இன்னில் ஒன்று, கிட்ஹப்பில் இன்னொன்று. அப்பாவின் பெயர் சில இடத்தில் முன்னுக்கு, சில இடத்தில் பின்னுக்கு, சில இடத்தில் ஓர் எழுத்து. தேடுகிறவருக்கு அவர் மூன்று வேறு ஆட்கள். பட்டச் சான்றிதழில் உள்ள எழுத்தைத் தெரிந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். கூடவே தமிழிலும் எழுதுங்கள். தமிழில் இவ்வளவு குழப்பமில்லை. ஆனால் எல்லாக் கருவியும் தமிழ் என்று அறிகிற யுனிகோடில் எழுதுங்கள். எங்கள் அச்சகங்களிலும் கொமினிகேஷன் கடைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. பாமினியில் அடித்ததை அப்படியே இணையத்தில் ஒட்டினால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியீடும்தான். உங்கள் பெயரைக் கூகுளால் வாசிக்க முடியாது. மாற்றிக்கொடுக்கிற கருவிகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

பக்கத்தின் பாரமும் முக்கியம். ஒட்டுசுட்டானில் இருந்தோ நெடுங்கேணியில் இருந்தோ ஒரு மாணவன் டேட்டா காட் போட்டுத்தான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறான். போன் கமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் அவன் காசைத்தான் கரைக்கிறீர்கள். அகலத்தைக் குறைத்து வெப்பீ (WebP) வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கும். அப்படிச் சேமிக்கிறபோது படத்துக்குள் ஒளிந்திருக்கிற இடக்குறிப்பையும் நீக்கும் தெரிவை அழுத்திவிடுங்கள். வீட்டு முற்றத்தில் எடுத்த படம் வீட்டின் ஆள்கூற்றைச் சுமந்துகொண்டு போகும்.

இழந்த தளத்தில் எவ்வளவு மீண்டது என்று கேட்பார்கள். வேபாக் மெஷின் என்று இன்ரநெற் ஆர்க்கைவ் வைத்திருக்கிற பழைய பக்கக் களஞ்சியத்தில் தேடினேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடக் கணினிக் கூடத்துக்கு இணைப்பு இழுக்கிற கட்டுரை எழுத்தாக வந்தது, படங்கள் வரவில்லை. வேம்படியில் கம்பம் நட்ட படமும், அதில் நின்ற பிள்ளைகளின் முகங்களும் போய்விட்டன. அந்தக் கட்டுரையைப் படங்கள் இல்லாமலே புதிய முகவரியில் ஏற்றியிருக்கிறேன். எழுதுகிற எல்லாவற்றையும் இப்போது வெறும் எழுத்துக் கோப்பாக வைத்திருக்கிறேன்: மடிக்கணினியில் ஒன்று, என் சொந்தத் தங்கச்சி வீட்டில் இருக்கிற வன்தட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று.

போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் வீடு ஒதுக்கும்போது ஒரு கடித உறையில் நான்கு வரி எழுதி வைத்தேன். டொமைன் எந்த நிறுவனத்தில், எந்த மின்னஞ்சலில், எப்போது புதுப்பிக்க வேண்டும், மீட்புக் குறியீடுகள் எவை. உறையை ஒட்டி அம்மாவிடம் கொடுத்தேன். என்ன இது என்று அவர் கேட்கவில்லை. காணி உறுதியையும் எங்கள் பிறப்புப் பதிவுகளையும் முள்ளிவாய்க்கால்வரை பொலித்தீனில் சுற்றிச் சுமந்த அதே பையைத் திறந்து, அவற்றோடு வைத்தார்.