தேய்த்தால் தடிக்கும் புள்ளிகள்

"ஒன்றரை வயது மகளின் முதுகில் பழுப்புப் புள்ளிகள். துண்டால் துடைத்தால் அவை மட்டும் சிவந்து தடிக்கின்றன. மாஸ்டோசைட்டோசிஸ் என்கிறார் மருத்துவர். அப்படியென்றால் என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும் நோய் அது. நோய் எதிர்ப்புச் செல்களில் பல ரத்தத்தில் சுற்றித் திரிபவை. மாஸ்ட் செல் அப்படியல்ல. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தோலிலும் இணைப்புத் திசுவிலும் ரத்தக் குழாய்களை ஒட்டிக் குடியேறிவிடும். 1878இல் பால் எர்லிக் தன் ஆய்வேட்டில் இவற்றை விவரித்தபோது அவருக்கு வயது 24. சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே குருணை குருணையாக ஏதோ அடைந்து கிடந்தது. தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்து, தீனி போட்டுக் கொழுக்கவைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்.

அது தீனி அல்ல; தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். அதைக் கட்டிவைத்திருக்கும் விதம்தான் எனக்கு அலுக்காத அதிசயம். குருணைக்குள் ஹெப்பாரின் என்ற நீளமான சங்கிலி இருக்கிறது. அது முழுக்க எதிர்மின்னூட்டம். ஹிஸ்டமினுக்கு நேர்மின்னூட்டம். உள்ளே பிஎச் சுமார் 5.5, அதாவது அமிலச் சூழல். அதில் ஹிஸ்டமின் இரட்டை மின்னூட்டத்தோடு சங்கிலியை இறுகப் பற்றிக்கொள்கிறது. செல் தூண்டப்பட்டதும் குருணை வெளியே கொட்டுகிறது. அங்கே பிஎச் 7.4. ஹிஸ்டமினின் மின்னூட்டம் குறைந்து பிடி தளர்கிறது. சுற்றியுள்ள சோடியம் அயனிகள் அதன் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. வெட்டிவிட ஒரு நொதிகூட வேண்டாம். பள்ளியில் படித்த அதே அயனிப் பரிமாற்றம்தான்!

அப்புறம் நடப்பது தெரிந்த கதை: ரத்தக் குழாய் கசியும், தோல் தடிக்கும், அரிக்கும். இந்த நோயில் புள்ளிகளுக்குள் மாஸ்ட் செல்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், வெறும் உரசலே போதும். மருத்துவர்கள் டேரியர் அறிகுறி என்று சொல்வது இதைத்தான்.

ஏன் இத்தனை செல்கள்? வளரச் சொல்லும் செய்தியை மாஸ்ட் செல் வாங்குவது கிட் என்ற புரதத்தின் வழியாக. பெரியவர்களுக்கு வரும் நோயில் பெரும்பாலும் அதன் 816ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கிறது. 976இல் ஒன்றே ஒன்று! அதனால் செய்தி வராமலேயே 'வளர்' என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும். இது தொற்றாது. பெற்றோரிடமிருந்து வருவதும் மிக அரிது. யாருடைய பாவமோ சாபமோ இதில் இல்லை; அப்படிச் சொல்லி ஒரு தாயைக் குற்றவாளியாக்குவதை என்னால் பொறுக்க முடியாது.

அந்த ஒற்றை மாற்றத்தைக் குறிவைக்கும் அவாப்ரிடினிப் மருந்துக்கு 2021இல் அமெரிக்கா, முற்றிய நிலையில் உள்ள பெரியவர்களுக்காக அனுமதி அளித்தது. சிலருக்கே வரும் நோய்க்கு ஏன் ஆராய்ச்சிப் பணம் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கிட் புரதம் கெடுவதால் குடலிலும் இரைப்பையிலும் கட்டிகள் வருகின்றன; ஒன்றைப் படித்தால் மற்றதும் புரிகிறது.

சரி, அந்தக் குழந்தைக்கு? குழந்தைகளிடம் இது பெரும்பாலும் தோலோடு நின்று, பருவ வயதுக்குள் மங்கிவிடும். இப்போதைக்குப் புள்ளிகளைத் தேய்த்துச் சோதிக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், சில மருந்துகளே இந்தச் செல்களைத் தூண்டிவிடும் என்பதால், நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.