அழகான வரைபைக் கண்டால் ஏன் சந்தேகம் வருகிறது?

2001 இல் பெல் ஆய்வுகூடத்து யான் ஹென்ரிக் ஷோன், தானாக அடுக்கிக்கொள்ளும், ஒரு மூலக்கூற்றுத் தடிப்பே உள்ள படலத்தில் திரான்சிற்றர் செய்துவிட்டதாக நேச்சர் இதழில் எழுதினார். வெவ்வேறு பரிசோதனைகளுக்கென்று அவர் வெளியிட்ட வரைபுகளில் இரைச்சல்கூட (அளவீட்டில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கம்) அச்சொட்டாக ஒன்றாக இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். 2002 செப்ரெம்பரில் விசாரணைக் குழு மோசடியை உறுதிசெய்தது. யாழ்ப்பாணத்தில் இத்தகைய படலங்களில் மின்னோட்டத்தை அளந்து ஆய்வேடு எழுத வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

படலம் உண்டாவது இப்படி: பொன்னைத் தயோல் (ஒரு முனையில் கந்தகமும் அதிலிருந்து நீளும் காபன் வாலும் உள்ள மூலக்கூறு) கரைந்த எதனோலில் அமிழ்த்தினால் கந்தக முனை பொன்னைப் பற்றும். காபன் வால்கள் சற்றே சாய்ந்து நெருங்கி நிற்கும். (கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளின் 22 கரட் தகடு போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதில் கலந்த செம்பிலும் தயோல் ஒட்டும், மேற்பரப்பும் கரடுமுரடு. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த தூய பொன் வேண்டும்.) 12 காபன் வாலென்றால் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை நனோமீற்றர். அரை வோல்ற்றுக் கொடுத்தாலே மின்புலம் மீற்றருக்கு 30 கோடி வோல்ற்றைத் தாண்டும். அதில் நூறிலொரு பங்குக்கே உலர்ந்த காற்றில் பொறி பறந்துவிடும்!

இலத்திரன்கள் இப்படலத்தைக் குவாண்டம் ஊடுருவலால், அதாவது தடையைத் தாண்டப் போதிய சக்தி இல்லாமலே மறுபக்கம் போய், கடக்கின்றன. வாலில் ஒரு காபன் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ 2.7 மடங்கு குறையும். வில்லங்கமும் இதிலேதான். பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் ஐந்து காபன் அளவு மெலிந்திருந்தால், அங்கே மின்னோட்டம் ஏறத்தாழ 150 மடங்கு செறிவாகப் பாயும். மீதி 99 பங்கையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. வளவு முழுக்கக் கிடுகு வேலி அடைத்தாலும் நாய் வேலியிலுள்ள ஓட்டையான பொட்டுக்குள்ளால்தானே வருகிறது? ஆகவே மானி காட்டுவது மூலக்கூற்றின் குணமா, பொட்டின் குணமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

மின்னோட்டத்தை அளக்கப் படலத்தின் மேலும் ஒரு மின்வாய் வேண்டும். அதற்கு உலோக ஆவியைப் படியவைத்தால் அணுக்கள் இடுக்குகளால் இறங்கிப் பொன்னைத் தொட்டுவிடும். கல்லியம்-இந்தியம் துளி நல்லது, 15.5 பாகை செல்சியசிலேயே உருகுவதால் எங்கள் வெயிலில் எப்போதும் திரவம்.

அளவீடுகள் பத்து, நூறு மடங்கென்று சிதறும். சாதாரணச் சராசரி எடுத்தால் ஒரேயொரு கெட்ட சந்தி (பொன், படலம், மேல் மின்வாய் சேர்ந்த அடுக்கு) எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மடக்கை எடுத்து இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானத்தை) குறியுங்கள். குறுஞ்சுற்றானவற்றையும் எண்ணி எழுதுங்கள், ஒளிக்காதீர்கள். காற்றுப்பட்டால் கந்தகப் பிணைப்பு நாளடைவில் ஒட்சியேறிப் பழுதாகும் என்பதால், படலம் செய்த நேரமும் அளந்த நேரமும் குறிப்பேட்டில் அருகருகே இருக்கட்டும்.