மிஸ்ஃபயர்: பட்டறையின் ‘மிஸ்ஸிங்’கும் அதற்கு ஒரு தமிழ்ச்சொல்லும்

“வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. லோடு ஏத்திட்டு மேட்டுல போனா சுத்தமா பிக்கப் இல்ல.”

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் ஒரு நாலு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப்பின் ஓட்டுநர் எங்கள் பட்டறைக்கு வந்து சொன்னது இது. (நம் ஊரில் ‘பிக்கப்’ என்பது வண்டிக்கும் பெயர், வண்டியின் இழுவைக்கும் பெயர்.) அவர் சொன்ன ‘மிஸ்ஸிங்’கைத்தான் புத்தகத்தில் ‘மிஸ்ஃபயர்’ என்று போட்டிருப்பார்கள்.

பொருள் எளிது. சிலிண்டருக்குள் போன எரிபொருளும் காற்றும் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதுதான் மிஸ்ஃபயர். வண்டி நின்றபடி எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 தடவை தீ பற்ற வேண்டும். நாலில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் சைலன்சர் பக்கம் காதை வைத்தாலே தெரியும். சீராக வரவேண்டிய சத்தத்தில் நாலாவது அடி மட்டும் விழாது. ஸ்டியரிங் நடுங்கும், சீட் அதிரும்.

சொல் துப்பாக்கியிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளில் குதிரையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி சின்னக் கிண்ணத்திலுள்ள வெடிமருந்தில் விழும். அந்தத் தீ ஒரு துளை வழியே உள்ளே போய்க் குழலிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். மருந்து ஈரமாக இருந்தாலோ துளை அடைத்திருந்தாலோ குண்டு கிளம்பாது. அதை ஆங்கிலேயர் முதலில் ‘மிஸ் ஃபயர்’ என்று இரண்டு சொல்லாகத்தான் சொன்னார்கள். துப்பாக்கி தீயை மிஸ் பண்ணிவிட்டது என்று பொருள். ஒரே சொல்லாகச் சேர்ந்ததும், மோட்டார் வண்டிக்கு வந்ததும் அப்புறம்தான். ஆகவே நம் மெக்கானிக்குகள் ‘மிஸ் ஆகுது’ என்பதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்கக் கூடாது. சொல்லின் பழைய வடிவத்துக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான். அமெரிக்காவிலும் மெக்கானிக்குகள் இன்றுவரை ‘மிஸ்’ என்றே சொல்கிறார்கள்.

தமிழாக்கத்தில்தான் சிக்கல். செய்திகளில் காவலரின் துப்பாக்கி கைதவறி வெடித்தால் ‘மிஸ்ஃபயர் ஆனது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது நேர் எதிரான பொருள். வெடிக்கத் தவறுவது ஒன்று, தவறி வெடிப்பது வேறொன்று. சொற்கள் அதே இரண்டுதான், முன்பின் மாறினால் பொருளே தலைகீழாகிறது. ‘தவறான எரிதல்’, ‘தவறான வெடிப்பு’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் ஏதோ வெடித்துவிட்டது என்றுதான் நினைப்பார். சைலன்சரில் ‘பட்’டென்று வெடிப்பதற்குப் பேக்ஃபயர் என்று தனிப்பெயரே இருக்கிறது.

‘திணறல்’, ‘உதறல்’ என்றும் சொல்கிறோம். அவை அறிகுறிகள், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் வண்டி திணறும். திட்டமோ போராட்டமோ பிசுபிசுத்துப் போவதை ஆங்கிலத்தில் மிஸ்ஃபயர் என்பதுண்டு. அங்கே ‘பிசுபிசுத்தது’ என்பதே அழகு, ஆனால் எஞ்சினுக்கு அது ஒட்டாது.

எனக்குப் பிடித்த சொல் ‘பொய்த்தல்’. மழை பொய்த்தது என்கிறோம். மேகம் கூடும், காற்று குளிரும், எல்லாம் தயாராக இருக்கும், வரவேண்டியது மட்டும் வராது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலேயே இந்தப் பொருளில் இச்சொல் வருகிறது. சிலிண்டரிலும் இதே கதைதான்: பெட்ரோல் வந்தது, காற்று வந்தது, பிஸ்டன் மேலே ஏறியது, தீ மட்டும் வரவில்லை. எனவே மிஸ்ஃபயருக்கு ‘எரிபொய்ப்பு’ என்று வைக்கலாம். ‘மூணாவது சிலிண்டர் பொய்க்குது’ என்று பேச்சிலும் தடங்கலில்லாமல் வருகிறது. ‘எரிதவறல்’ என்றாலும் பிழையில்லை, ஆனால் ‘தவறு’ என்ற ஒலி மறுபடி அந்தப் பழைய குழப்பத்துக்கே இழுக்கிறது.

சரி, அந்த வண்டிக்கு வருவோம். எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னியது. இப்படி மின்னினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதையே கெடுத்துவிடும். ஸ்கேனர் போட்டதும் பி0303 என்ற கோளாறு எண் வந்தது. கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். பி0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாமல் மாறிமாறிப் பொய்க்கிறது என்று அர்த்தம்.

பிளக்குக்கு மின்சாரம் அனுப்புவது காயில். மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினோம். கோளாறு எண் பி0302 என்று மாறியது. கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராமல் மூன்றிலேயே நின்றிருந்தால் பொறி தரும் பிளக், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தமான கம்ப்ரெஷன் என்று வரிசையாகத் தேடியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், அடியில் தண்ணீர்!

“முந்தாநாள் வாட்டர் சர்வீஸ் விட்டேண்ணே” என்றார் ஓட்டுநர்.

காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் அந்தக் கோடு வழியே பக்கத்து இரும்புக்குத் தாவியிருக்கிறது. குழியில் ஏர் அடித்துக் காயவைத்து, புது காயிலும் பிளக்கும் போட்டதும் நாலு அடியும் சீராக விழுந்தன.

மிஸ்ஃபயரை ‘பொறித்தவறல்’ என்றும் சொல்லலாமே என்று தோன்றலாம். அதிலும் ‘தவறு’ ஒலிக்கிறது என்பது போக, அதை நான் எடுக்காததற்கு இன்னொரு காரணம் டீசல் பிக்கப். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிறது. அங்கே பொய்ப்பது தீ. காரணம் பெரும்பாலும் இன்ஜெக்டர், லைனில் புகுந்த காற்று, குறைந்த கம்ப்ரெஷன். பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்வார்கள். எதை லூஸ் செய்தும் சத்தம் மாறவில்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பைப்பில் அழுத்தம் 1000 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.