படிக்கும்போது புரிகிற வார்த்தை எழுதும்போது எங்கே போகிறது?

ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தால் புரிகிறது, அகராதியைக்கூட அதிகம் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே விஷயத்தைப் பற்றித் தானாக நாலு பத்தி எழுத உட்கார்ந்தால் 'குட்', 'வெரி', 'மெனி', 'கெட்' என்று பள்ளிக்கூடத்துப் பழைய வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. எனக்கும் பல வருஷம் இப்படித்தான் இருந்தது. இதைப் பயிற்சி போதவில்லை, மொழி அறிவு குறைவு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மூளை வார்த்தைகளை எப்படி வைத்துக்கொள்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

ஒருவருடைய முகத்தைப் பார்த்ததும் தெரிந்தவர் என்று உடனே புரிந்துவிடுகிறது, பெயர் மட்டும் நுனிநாக்கில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது, இல்லையா? படிப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். படிக்கும்போது வார்த்தை கண் முன்னால் இருக்கிறது, அதிலிருந்து பொருளுக்குப் போனால் போதும், அக்கம்பக்கத்து வாக்கியங்களும் கை கொடுக்கும். எழுதும்போது பொருள் மட்டும்தான் கையில் இருக்கிறது, அதிலிருந்து வார்த்தைக்குப் போக வேண்டும். போகிற திசையே வேறு. ஒரு திசையில் ஆயிரம் முறை நடந்து பழகியதால் எதிர்த் திசையில் பாதை தானாக உருவாகிவிடாது. ஆனால் நாம் செய்கிற பயிற்சி எல்லாம் முதல் திசையில்தான்: பட்டியலைப் படிக்கிறோம், அடிக்கோடு இடுகிறோம், மறுபடி படிக்கிறோம்.

இதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை 2008இல் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி வார்த்தைகளை ஆங்கிலப் பொருளோடு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வார்த்தையை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் சிலர் அதை மறுபடி படிக்க வேண்டாம், ஆனால் பார்க்காமல் சொல்லும் சோதனை மட்டும் தொடரும். வேறு சிலர் அதை மறுபடி மறுபடி படிப்பார்கள், சோதனை கிடையாது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சோதனை தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம் வார்த்தைகளைச் சொன்னார்கள். படிப்பை மட்டும் தொடர்ந்தவர்களால் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டித்தான் சொல்ல முடிந்தது. இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுக்களும் பாதி அளவு இருக்கும் என்றே சொன்னார்கள். அதாவது எந்த முறை வேலை செய்கிறது என்பது கற்கிறவருக்கு உள்ளிருந்து தெரிவதில்லை. மறுபடி படிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது, அந்தப் பழக்கத்தையே தெரிந்துவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது.

வார்த்தையை வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பே அதற்கான பாதையைக் கெட்டிப்படுத்துகிறது. கொஞ்சம் திணறி இழுத்தால் இன்னும் நல்லது. அதனால்தான் இடைவெளி விட்டுப் படிப்பதும் வேலை செய்கிறது. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்துக்கொண்டார். முதல் ஒரு மணி நேரத்தில் மறதி சரசரவென்று போகிறது, அப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை திரும்பக் கற்கும்போதும் அந்தச் சரிவு இன்னும் மெதுவாகிறது. இதையே நிஜ வார்த்தைகளோடு, வருஷக்கணக்கில் பொறுமையாகச் செய்தவர் ஹாரி பாரிக் என்ற உளவியலாளர். அவரும் அவருடைய குடும்பமுமாக நான்கு பேர் சேர்ந்து 300 அந்நிய மொழி வார்த்தைகளைக் கற்றார்கள், சிலவற்றை 14 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறை, சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறை என்று. 1993இல் வெளியான முடிவு இது: 56 நாள் இடைவெளியில் 13 முறை படித்ததும், 14 நாள் இடைவெளியில் 26 முறை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பு, அதே ஞாபகம். கற்கும்போது நீண்ட இடைவெளி கொஞ்சம் தொல்லையாக இருந்தது உண்மைதான், ஒவ்வொரு முறையும் அதிகம் மறந்திருந்தார்கள். அந்தத் தொல்லைதான் பலன் தந்தது. வார்த்தைகளை ஞாபகம் வைக்க உதவும் ஆங்கி போன்ற செயலிகள் உள்ளே செய்வது இந்தக் கணக்கைத்தான்: சுலபமாக வந்த வார்த்தையைத் தள்ளிப் போடும், தடுமாறிய வார்த்தையைச் சீக்கிரம் கொண்டுவரும்.

தூக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிக்கோலா டூமே, கேரத் கேஸ்கெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'கத்தீட்ரல்' என்ற நிஜ வார்த்தையை ஒட்டி 'கத்தீட்ரூக்' என்பதுபோல இல்லாத வார்த்தைகளை உருவாக்கி ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு புதிய வார்த்தை உண்மையிலேயே மனதின் அகராதிக்குள் நுழைந்துவிட்டால் அது பக்கத்து வார்த்தையோடு மோதும், 'கத்தீட்ரல்' என்று கேட்டால் அடையாளம் காண இம்மி நேரம் தாமதமாகும். சாயங்காலம் கற்றுவிட்டுத் தூங்கியவர்களிடம் 12 மணி நேரத்தில் இந்தத் தாமதம் தெரிந்தது. காலையில் கற்று, பகல் முழுக்க விழித்திருந்தவர்களிடம் அதே 12 மணி நேரம் கழித்தும் தெரியவில்லை, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகுதான் தெரிந்தது. ஞாபகத்தில் இருப்பது வேறு, மொழிக்குள் குடியேறுவது வேறு. பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழித்து ஏற்றிக்கொண்ட வார்த்தைகள் கட்டுரையில் வந்து உதவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எந்த வார்த்தைகளை? ஆங்கிலத்தில் எல்லா வார்த்தைக்கும் ஒரே எடை கிடையாது. 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து திரட்டிய, பத்து லட்சம் வார்த்தைகள் கொண்ட ப்ரௌன் தொகுப்பில் 'தி' என்ற ஒற்றை வார்த்தையே கிட்டத்தட்ட 7 சதவீதம். ஆனால் யார் உதவியும் இல்லாமல் ஒரு நூலைச் சௌகரியமாகப் படிக்க அதில் 98 சதவீத வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம் என்கிறார்கள். அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொல் குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்த கூட்டங்கள், வேண்டும் என்று 2006இல் பால் நேஷன் என்ற மொழியியலாளர் கணக்கிட்டார். கேட்டால் மலைப்பாக இருக்கிறது, கல்வித்துறை எழுத்துக்கு மட்டும் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 28 பாடத் துறைகளிலிருந்து 35 லட்சம் வார்த்தைகளைத் திரட்டி, அடிப்படையான இரண்டாயிரம் வார்த்தைகளைக் கழித்துவிட்டு, எல்லாத் துறையிலும் பொதுவாக வருகிறவற்றை மட்டும் சலித்தெடுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 570 சொல் குடும்பங்கள்தான். ஆனால் அவை கல்வி நூல்களில் ஏறக்குறைய 10 சதவீத இடத்தைப் பிடிக்கின்றன, கதைகளில் வெறும் 1.4 சதவீதம். நாவல் படித்தே ஆங்கிலம் வளர்த்தவர்கள் ஆய்வுக் கட்டுரையில் தடுமாறுவதற்கான விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 'அனலைஸ்', 'அஸ்யூம்', 'கான்டெக்ஸ்ட்', 'எவிடென்ஸ்' மாதிரியான இந்த வார்த்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துறைச் சொற்களைப் பாட ஆசிரியர் வரையறை சொல்லிக் கற்றுக்கொடுத்துவிடுவார், அன்றாட வார்த்தைகள் பேச்சில் வந்துவிடும், நடுவில் நிற்கும் இவற்றை எல்லோரும் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவை அந்நியமாகத் தோன்றுவதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியிலும் சட்டத்திலும் பிரெஞ்சு புகுந்தது, அறிஞர்களின் எழுத்தில் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. ஒரே செயலுக்கு மூன்று அடுக்குகள் வந்துவிட்டன: 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி, 'இன்டராகேட்' லத்தீன். பேச்சில் 'லுக் இன்டு', எழுத்தில் 'இன்வெஸ்டிகேட்'. லத்தீன் வார்த்தைகளை உடைத்துப் பார்க்க முடியும் என்பது நமக்குச் சாதகம். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது, 'இன்ஸ்பெக்ட்', 'ரெட்ராஸ்பெக்ட்', 'பெர்ஸ்பெக்டிவ்' எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. இது ஞாபகம் வைக்க உதவும், பொருளைக் கணிக்க இதை மட்டும் நம்பக்கூடாது.

பொருள் தெரிந்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. தமிழில் குறட்டை விடுகிறோம், தும்மல் போடுகிறோம். ஏன் தும்மலை விடக்கூடாது என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது, அப்படித்தான் வழக்கு. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957இல் எழுதினார். 'எவிடென்ஸ்' என்ற ஒரே வார்த்தையை எடுத்து வைத்துப் பார்ப்போம். அகராதி 'சான்று' என்கிறது. தமிழில் சான்றுகள் என்று பன்மை சொல்வதால் நாம் 'எவிடென்சஸ்' என்று எழுதிவிடுகிறோம், ஆங்கிலத்தில் அது எண்ண முடியாத பெயர், எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்'. சான்று தருவது என்பதற்கு 'கிவ்' போட்டால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற வாடை அடிக்கும், கட்டுரையில் 'ப்ரொவைட்'. முன்னால் வரும் அடைமொழிகள் 'ஸ்ட்ராங்', 'க்ளியர்', 'லிமிடெட்'. ஒரு கருத்துக்கு ஆதரவான சான்று என்றால் பின்னால் 'ஃபார்', எதிரானது என்றால் 'அகெய்ன்ஸ்ட்'. அப்புறம் அதற்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு: எவிடென்ஸ் 'சஜெஸ்ட்ஸ்'. நோட்டில் 'எவிடென்ஸ் = சான்று' என்று எழுதினால் இதில் எதுவும் உள்ளே போவதில்லை. அதனால் ஒற்றைப் பொருளை எழுதுவதை விட்டுவிட்டு, படித்த இடத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எழுதிவைக்கச் சொல்வேன், அதிலும் நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு.

இனி வாக்கியத்துக்கு வருவோம். ஆய்வு எழுத்தைக் கனமாக்குவது கடினமான வார்த்தைகள் என்று நினைக்கிறோம். அதைவிட அதிகமாக வேலை செய்வது ஒரு இலக்கண உத்தி: நடந்த செயலைப் பெயர்ச்சொல்லாக மாற்றுவது. மைக்கேல் ஹாலிடே என்ற மொழியியலாளர் இதை இலக்கண உருவகம் என்றார். 'வெப்பம் ஏறியதும் உலோகம் விரிந்தது' என்று ஒரு வாக்கியம் எழுதினால் செய்தி அங்கேயே முடிந்துவிடும். அடுத்த வாக்கியத்தை 'இந்த விரிவு...' என்று ஆரம்பித்தால், முதலில் செய்தியாக இருந்தது இப்போது தெரிந்த விஷயமாகி, அதன்மேல் அடுத்த செய்தியை ஏற்ற முடிகிறது. ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாண்டட்' என்ற வினை அடுத்த வரியில் 'திஸ் எக்ஸ்பான்ஷன்' ஆகிறது. வாதம் படிப்படியாக ஏறுவது இப்படித்தான். வாசகருக்குத் தெரிந்தது முன்னால், புதியது பின்னால். 'எக்ஸ்பாண்ட்' கற்கும்போதே 'எக்ஸ்பான்ஷன்' கற்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இந்தத் திருப்பம்தான், அது கையில் இல்லாவிட்டால் 'சோ', 'அண்ட்', 'பிகாஸ்' என்று ஒட்டுப்போட்டுத்தான் நகர வேண்டியிருக்கும். ஆனால் தேவையில்லாத இடத்திலும் எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கி, மிச்சமிருக்கும் வினை 'ஈஸ்' மட்டும்தான் என்கிற நிலைக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்கிறவர் மூச்சு வாங்குகிறார்.

இன்னொரு நுணுக்கம், உறுதியின் அளவு. 'ப்ரூவ்ஸ்' என்று எழுதினால் இனி சந்தேகமே இல்லை என்று பொருள், கணிதத்துக்கு வெளியே அப்படிச் சொல்ல அநேகமாக யாருக்கும் உரிமை கிடையாது. 'ஷோஸ்' கொஞ்சம் கீழே, 'சஜெஸ்ட்ஸ்' இன்னும் கீழே, 'மே' அதற்கும் கீழே. வேறொருவர் சொன்னதைக் குறிப்பிடும்போது 'க்ளெய்ம்ஸ்' என்று போட்டால் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை என்ற சாயல் வந்துவிடும். இதை ஆங்கிலத்தின் பாசாங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழில் 'ஆகும்', 'எனலாம்', 'எனத் தோன்றுகிறது' மூன்றையும் நாம் கலக்காமல்தானே எழுதுகிறோம்? அந்த உணர்வு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதற்கான ஆங்கிலக் கருவிகள்தான் பழக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே பயிற்சியில் சேர்க்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, அது கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் பழையது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சின்னதாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் அப்படியே விட்டுவிடுவார். அப்புறம் அச்சைப் பார்க்காமல், குறிப்பிலிருந்து தன் வார்த்தைகளில் முழுக் கட்டுரையையும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். தன்னிடம் வார்த்தைகள் போதவில்லை என்பதும், தேவைப்படும்போது அவை சட்டென்று வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பார்க்காமல் இழுப்பது, இடைவெளி, சொற்சேர்க்கை, வாக்கியக் கட்டு எல்லாம் இதில் அடங்கிவிட்டன.

உங்கள் துறைக் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுங்கள், 100 வார்த்தைக்கு மேல் வேண்டாம். குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம், அதுதான் இன்னும் நல்லது, பொருளிலிருந்து வார்த்தைக்குப் போகிற பாதை அப்போதுதான் முழுசாக நடக்கும். இரண்டு நாள் கழித்து அந்தக் குறிப்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். பயிற்சிக்கு எழுதுவதால் மூலத்தோடு ஒத்துப்போனாலும் தவறில்லை, அதைச் சொந்தக் கட்டுரைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசப்படும் இடங்களை மட்டும் பாருங்கள். நீங்கள் 'கிவ்ஸ் மெனி எவிடென்சஸ்' என்று எழுதிய இடத்தில் அவர் 'ப்ரொவைட்ஸ் ஸ்ட்ராங் எவிடென்ஸ்' என்று எழுதியிருப்பார். நீங்கள் 'ப்ரூவ்ஸ்' போட்ட இடத்தில் அவர் 'சஜெஸ்ட்ஸ்' போட்டிருப்பார். நாளைக்கு நோட்டில் ஏற வேண்டியவை அந்த நாலைந்து இடங்கள்தான்.