குரல் போன பிறகு வரும் குருமார்கள்

எந்த மதத்துக்குப் பண்டிகைக் காலம் என்பது எங்கள் கிளினிக் வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவம் அப்படி. டிசம்பர் கடைசியில் சபை ஆயர்கள், ரமலானின் கடைசிப் பத்து நாளில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையை நடத்தும் ஹாபிழ்கள் (குர்ஆனை மனப்பாடமாக ஓதுபவர்கள்), கும்பாபிஷேக மாதங்களில் யாகசாலைப் புகையில் உட்கார்ந்து எழுந்த அர்ச்சகர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இன்னும் நாலு நாள் தாங்குற மாதிரி ஒரு ஊசி போடுங்க டாக்டர்."

அந்த ஊசியைத்தான் நான் போட மறுக்கிறேன். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் குரல் ஓரளவு திரும்பிவிடும், அடிபட்ட குரல்நாண் அடிபட்டபடியேதான் இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்து அவர் மறுபடி மைக்கைப் பிடிப்பார். சேதம் பெரிதாவது அப்போதுதான்.

ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. சத்தம் கூடக்கூட மோதலின் வேகமும் கூடும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள், தென்மாவட்டத்தில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்து ஆயரோடு ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஒரு ஊரில் ஆராதனை, பைக்கில் அடுத்த ஊருக்குப் போய் இன்னொன்று, மதியம் ஞானஸ்நானம், சாயங்காலம் ஜெபக்கூட்டம். இதற்கு நடுவில் யாராவது இறந்துவிட்டால் அடக்க ஆராதனை. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்று நள்ளிரவு தாண்டியும் பனியில் வீடு வீடாகப் பாட்டும் ஜெபமும். கூட்டம் முடிந்து பதினோரு மணிக்கு ஒரு வீட்டில் அன்பாகப் பிரியாணி வைப்பார்கள், மறுக்க முடியாது. சாப்பிட்ட கையோடு படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறிக் குரல்நாணை அரிக்கும். அந்த அன்பும் ஒரு காரணம் என்று விருந்து வைப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ரமலானில் ஹாபிழின் பாடு வேறு. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரவில் இஷா தொழுகைக்குப் பிறகு, பல பள்ளிவாசல்களில் 20 ரக்அத் (தொழுகைச் சுற்று), மாதம் முடிவதற்குள் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிக்க வேண்டும். வறண்ட குரல்நாண் சீக்கிரம் புண்ணாகும். நோன்பு திறக்கும் இப்தாருக்கும் நோன்பு வைக்கும் சஹருக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு நான் எழுதித்தரும் முதல் மருந்து. அர்ச்சகருக்கோ ஜன்னல் இல்லாத கருவறை, எண்ணெய் விளக்கு, கற்பூரம். அதற்குள் நின்று மணிச்சத்தத்துக்கு மேலே பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்ல வேண்டும். பல பெரிய கோயில்களில் கருவறைக்குள் கற்பூரம் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சாமிக்கும் சிலைக்கும் மட்டுமல்ல, உள்ளே நிற்கும் மனிதரின் நுரையீரலுக்கும் அது நல்லது.

கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே சட்டென்று குரல் நின்றுபோன ஓர் ஆயரை மறுநாள் காலை அழைத்து வந்தார்கள். கேமரா வைத்துப் பார்த்தேன். வலது குரல்நாண் முத்துப்போல் வெளுத்திருக்க வேண்டிய இடத்தில் அடர்சிவப்பாக இருந்தது. கத்திய வேகத்தில் நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்து உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றேன். தழும்பு விழுந்தால் பழைய குரல் முழுதாகத் திரும்பாமலே போகலாம். அவர் மனைவிதான் பதில் சொன்னார். "நாளைக்கு ஒரு அடக்கம் இருக்கு டாக்டர். ஐயா வரலைன்னா அந்த வீட்ல காலத்துக்கும் மறக்க மாட்டாங்க." அவர் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தப் பயத்துக்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது, சபையிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இதைக் குருமார்களைவிட அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தப் பாரம் புதிதல்ல. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த அம்புரோசியார் சத்தம் வராமல் மனத்துக்குள்ளேயே வாசிப்பாராம். எளிதில் கட்டிக்கொள்ளும் குரலைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாரோ என்று அவரிடம் வந்துபோன கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். தேடி வந்த கூட்டத்தைத் தாண்டி அவரிடம் பேசக்கூட முடியவில்லை என்ற குறையும் அதே இடத்தில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்தக் குரல் கோளாறுக்குப் பாதிரியார் தொண்டைநோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இதற்கு வழியும் வெகு காலத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்ட மோசேயிடம், இப்படியே போனால் தொய்ந்துபோவீர், வேலையைப் பிரித்துக்கொடும் என்று சொன்னவர் அவருடைய மாமனார். திருப்பணிக்கென்றே ஒதுக்கப்பட்ட லேவியர் 50 வயதில் கடினமான திருப்பணியிலிருந்து விலகி, மற்றவர்களுக்கு உதவியாக மட்டும் இருக்கலாம் என்று பைபிளின் எண்ணாகமத்தில் விதியே உண்டு. நம் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி (பழைய அளவை) நெல். ஒருவர் இல்லாமல் போனால் அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. 48 குரல்கள்! இன்றைக்கு ஒரு கோயிலுக்கு ஒரே ஓதுவார் கிடைத்தாலே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. இரண்டாவது ஆராதனையை ஆயருக்கு உதவும் உபதேசியாரிடமோ சபை மூப்பரிடமோ கொடுக்கலாம். தராவீஹுக்கு இரண்டு ஹாபிழ்களை மாற்றி மாற்றி வைக்கும் ஜமாஅத்துகள் இருக்கின்றன, அங்கே சிக்கல் குறைவு. பேசுபவருக்குத் தன் குரல் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலே பாதி கத்தல் நின்றுவிடும். நல்ல ஒலிபெருக்கி வாங்குவது ஆடம்பரம் அல்ல. வாரத்தில் ஒருநாள், உயிர் போகிற அவசரம் தவிர யாரும் கூப்பிடுவதில்லை என்று கமிட்டியில் முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். அவராக லீவு கேட்க மாட்டார், கேட்டாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அப்புறம், அதிமதுரம், சித்தரத்தை, மிளகுப் பால் பற்றி. இதமாக இருக்கும், குடிக்கலாம். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் இறங்குகிறது. குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். மருந்து அங்கே தொடுவதே இல்லை. அடிக்கடி கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யும் பழக்கம் இன்னும் மோசம், ஒவ்வொரு கனைப்பும் குரல்நாணுக்கு ஓர் அடி.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சட்டென்று குரல் அடியோடு போனாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, ஒரு பக்கக் காது வலித்தாலோ அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். புகையிலை, வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம். மூச்சு விடுவதே சிரமமானால் அன்றைக்கே, நேராக அவசரப் பிரிவுக்கு. பக்கத்து சபை ஆயரையோ இன்னோர் இமாமையோ ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.